ஹாப்சன் லாயத்துக் குதிரையும் நம்ம கான்ஃபரன்ஸ் காலும்

ஐ.டி. வேலையில சேர்ந்த புதுசுல நம்ம ஊர்ப் பசங்களை ரொம்ப மிரட்டுறது ஜாவாவும் இல்ல, டேட்டாபேஸும் இல்லீங்க. ராத்திரி எட்டரை மணி கான்ஃபரன்ஸ் கால்தான். அந்தப் பக்கம் இருக்கற அமெரிக்கக்காரர் ரொம்ப சாதாரணமா 'கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்'ம்பார். நடுவுல 'திஸ் கேம் அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்'ம்பார். கடைசியா 'லெட்ஸ் டச் பேஸ் டுமாரோ'ன்னு முடிச்சுட்டுப் போயிடுவார். ஒவ்வொரு வார்த்தையும் ஆறாம் கிளாஸ்லயே படிச்சதுதான். எல்லாம் சேர்ந்து வரும்போது மட்டும் கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கும்.

இது ஏதோ ஜாலியான சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நல்லா கோடு எழுதற எத்தனையோ பேருக்கு வருஷக் கடைசியில 'கம்யூனிகேஷன் போதாது'ன்னு ஒரு வரி எழுதி, ஆன்சைட் கனவை மூட்டை கட்டி வெச்சுடறாங்க. அந்தப் பசங்களுக்கு இலக்கணம் தெரியும், ஸ்பெல்லிங் தெரியும். தெரியாதது இந்த இடியம்ங்கற மரபுத்தொடர்தான். எல்லாரும் சிரிக்கும்போது எங்கே சிரிக்கணும்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு உட்கார்றவனை, விஷயம் தெரியாதவன்னு முடிவு பண்ணிடறாங்க. வலிக்கற இடம் அது.

இதுக்குன்னே 'அன்றாடப் பேச்சுக்கான ஆங்கில மரபுத்தொடர்கள்'னு புத்தகம் விக்குது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் அர்த்தம். டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் பண்ற மாதிரிதான். முதல் நாள் முப்பது படிச்சா மூணாம் நாள் மூணு கூட நிக்காது. ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு யோசிச்சு, இந்தத் தொடர்கள் எல்லாம் எங்கே பிறந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். அப்பதான் ரெண்டு விஷயம் பிடிபட்டுது. ஒண்ணு, இதெல்லாம் படிச்ச துரைமார் ரூம் போட்டு யோசிச்சது இல்ல. முக்கால்வாசி யாரோ ஒரு வேலைக்காரன் வேலை நேரத்துல பேசின பேச்சு. ரெண்டாவது, அதுல சிலது சுத்தமான தப்பு. அந்தத் தப்புக் கதைக்குப் பின்னாடி வர்றேன்.

முதல்ல நம்ம வீட்டுல இருந்து ஆரம்பிப்போம். 'என்கிட்டயே காது குத்தறியா?'ன்னு கேக்கறோம். ஒரு ஜெர்மன்காரர் தமிழ் கத்துக்கறார்னு வைங்க. அகராதியில 'காது'க்கும் அர்த்தம் இருக்கு, 'குத்து'க்கும் இருக்கு. ரெண்டையும் கூட்டினா 'ஏமாத்தறது' வராது. தாய்மாமா மடியில குழந்தையை உட்கார வெச்சு, வாயில சர்க்கரையைத் திணிச்சு, அது அசந்த நேரம் பார்த்து ஆசாரி வேலையை முடிக்கற காட்சியை ஒரு தடவை பார்த்திருந்தா? ஆயுசுக்கும் மறக்காது. மரபுத்தொடர்ங்கறது ஒரு காட்சி. அந்தக் காட்சியைப் பார்க்காதவனுக்கு அது வெறும் சத்தம்.

ஆங்கிலத்துல அந்தக் காட்சிகள் ரொம்ப நடந்த இடம் கப்பல். பல நூற்றாண்டு பாய்மரக் கப்பலை நம்பியே வாழ்ந்த தேசம் ஆச்சே! 'லேர்ன் தி ரோப்ஸ்'னா வேலையோட நெளிவு சுளிவு கத்துக்கறது. பெரிய பாய்மரக் கப்பல்ல எங்கே பார்த்தாலும் கயிறுதான். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேர், தனி வேலை. நடு ராத்திரி புயல்ல 'அதை இழு'ன்னு கத்தினா இருட்டுல தடவி சரியான கயிறை இழுக்கணும். தப்பான கயிறை இழுத்தா எல்லாரும் காலி. புதுசா சேர்ந்தவனுக்கு முதல் பாடமே கயிறுதான். ப்ராஜெக்ட்ல சேர்ந்த முதல் வாரம் நாம எந்த சர்வர் எதுக்குன்னு தடவிப் பார்க்கற மாதிரி.

'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்'னா முழு போதை. இந்த ஷீட் பெட்ஷீட்டும் இல்ல, பாயும் இல்ல. பாயோட கீழ் மூலையைக் கட்டி வெக்கற கயிறுக்குத்தான் மாலுமி பாஷையில ஷீட்னு பேரு. அது அவுந்து போச்சுன்னா பாய் காத்துல படபடன்னு அடிச்சுக்கும், கப்பல் தள்ளாடும். மூணு அவுந்தா டாஸ்மாக் வாசல்ல நடக்கற ஆளு மாதிரிதான். 'டேக்கன் அபேக்'னா திடுக்கிட்டுப் போறது. காத்து திடீர்னு முன்னாடி இருந்து அடிச்சு, பாயை மரத்தோட ஒட்ட வெச்சு, கப்பல் அப்படியே நின்னுடற நிலைமை. நாம மீட்டிங்ல சாதாரணமா விடற 'பை அண்ட் லார்ஜ்' கூட கப்பல்ல இருந்து இறங்கினதுதான். காத்தை எதிர்த்தாப்ல போறது 'பை', காத்து பின்னாடி இருந்து தள்றது 'லார்ஜ்'. ரெண்டு நிலையிலயும் நல்லா ஓடற கப்பல்னா 'மொத்தத்துல பரவாயில்ல'. நமக்கு மானம்தான் கப்பலேறும், அவங்களுக்கு மொழியே கப்பல்ல இருந்து இறங்கியிருக்கு :)

அடுத்து குதிரை லாயம். கேம்பிரிட்ஜ்ல தாமஸ் ஹாப்சன்னு ஒருத்தர் இருந்தார். 1631ல செத்துப் போனார். கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் நடுவுல சரக்கு வண்டி ஓட்டறதும், குதிரைகளை வாடகைக்கு விடறதும் தொழில். காலேஜ் பசங்க வந்து நல்ல வேகமான குதிரையாப் பார்த்துக் கேப்பாங்க. ஆசைப்பட்டதைக் கொடுத்தா நல்ல குதிரைங்க ஓடி ஓடியே செத்துப் போகும்ல? அதனால ஹாப்சன் ஒரு சட்டம் போட்டார். கதவுக்குப் பக்கத்துல எது நிக்குதோ அதை எடுத்துக்கோ, இல்லேன்னா நடந்து போ. ஓட்டிட்டு வந்த குதிரை வரிசையில கடைசிக்குப் போகும். நம்ம பாஷையில சொன்னா பக்கா ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங்! அதான் 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்'. பேருக்குத்தான் தேர்வு, உண்மையில வேற வழியே இல்ல. 'இந்த சப்போர்ட் ப்ராஜெக்டை எடுத்துக்கறியா, இல்ல பெஞ்ச்ல இருக்கியா?'ன்னு மேனேஜர் கேக்கும்போது இந்தக் கிழவரை நினைச்சுக்கோங்க. அவர் செத்தப்ப அதே ஊர்ல மாணவரா இருந்த ஜான் மில்டன் அவர் மேல ரெண்டு கவிதை எழுதியிருக்கார். வண்டிக்காரருக்கு மகாகவி பாடின இரங்கற்பா. கொடுத்து வெச்சவர்.

நாடகக் கொட்டகைக்கு வாங்க. 'ஸ்டீலிங் மை தண்டர்'னா என் கைதட்டலை இன்னொருத்தன் தட்டிட்டுப் போறது. நம்ம வேலையை டீம் லீட் தன் பேர்ல பிரசன்டேஷன் போடுவார்ல, அது. 1709ல ஜான் டென்னிஸ்ங்கறவர் லண்டன் ட்ரூரி லேன் கொட்டகையில ஒரு நாடகம் போட்டார். அதுல இடிச் சத்தம் வர்றதுக்குப் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சாராம். நாடகம் ஊத்திக்கிச்சு, தூக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல அதே கொட்டகையில மேக்பெத் நடக்குது. மனுஷன் பார்க்கப் போறார். இடி இடிக்குது. அதே இடி! எழுந்து நின்னு 'என் நாடகத்தை ஓட விட மாட்டாங்க, என் இடியை மட்டும் திருடுவாங்க'ங்கற மாதிரி கத்தினார்னு கதை சொல்றாங்க. நாடகத்தை யாரும் ஞாபகம் வெச்சுக்கல. வயித்தெரிச்சல் மட்டும் முந்நூறு வருஷமா ஓடிட்டு இருக்கு.

விளையாட்டைப் பத்திச் சொல்லவே வேணாம். கிரிக்கெட்ல 1858ல ஷெஃபீல்டுல ஹெச்.ஹெச்.ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த மூணு பந்துல மூணு விக்கெட் எடுத்தார். வசூல் பண்ணி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாங்க. அதுல இருந்து வந்தது ஹாட்ரிக். 'ஸ்டிக்கி விக்கெட்'னா இக்கட்டான நிலைமை. பிட்ச்சை மூடி வெக்காத காலத்துல மழை பெஞ்சு, வெயில் அடிச்சு, காயற ஆடுகளத்துல பந்து கன்னாபின்னான்னு திரும்பும். இதெல்லாம் நமக்கு விளக்கமே வேணாம், தெருவுல ஆடினவங்க நாம. பிரச்சினை என்னன்னா, கால்ல பேசறவர் அமெரிக்கக்காரர். அவர் பேசறது பேஸ்பால். பால்பார்க்னா பேஸ்பால் மைதானம். துல்லியமா வேணாம்ப்பா, மைதானத்துக்குள்ள எங்கேயாவது விழற மாதிரி ஒரு எண்ணைச் சொல்லு, அவ்வளவுதான். 'டச் பேஸ்'னா ஓடறவன் ஒவ்வொரு பேஸையும் தொட்டுட்டுப் போகணும்ங்கற விதி. ஒரு எட்டு பேசிட்டுப் போயிடுவோம்னு அர்த்தம். ஆக, அந்தப் பையன் முழிச்சதுக்குக் காரணம் அறிவுக் குறைவு இல்ல. அவன் ஆடாத ஆட்டத்தோட ஸ்கோரைக் கேட்டாங்க, அவ்வளவுதான்.

சரி, தப்புக் கதைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா இது.

இராஸ்மஸ்னு ஒரு டச்சு அறிஞர். ஐரோப்பாவே தலையில தூக்கி வெச்சு ஆடின படிப்பாளி. கிரேக்க, லத்தீன் பழமொழிகளைத் தொகுத்து 1500ல பாரிஸ்ல 'அடேஜியா'ன்னு ஒரு புத்தகம் போட்டார். முதல் பதிப்புல எண்ணூத்துச் சொச்சம் பழமொழி. சாகற வரைக்கும் சேர்த்துக்கிட்டே போய் 1536ல நாலாயிரத்தைத் தாண்டிடுச்சு. இன்னிக்கு எல்லாரும் சொல்ற 'பண்டோராஸ் பாக்ஸ்' இவர் கை வண்ணம். கிரேக்கக் கதையில பண்டோரா திறந்தது பெட்டியே இல்ல. 'பித்தோஸ்', அதாவது தானியம், எண்ணெய் ஊத்தி வெக்கற பெரிய தாழி. நம்ம முதுமக்கள் தாழி சைஸுக்குக் கற்பனை பண்ணிக்கோங்க. இராஸ்மஸ் அதைச் சின்னப் பெட்டின்னு அர்த்தம் வர்ற 'பிக்சிஸ்'னு எழுதிட்டார். தாழி போச்சு, பெட்டி வந்துச்சு. ஐந்நூறு வருஷமா பெட்டிதான்.

இன்னொண்ணு, 'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்'. உள்ளதை உள்ளபடி சொல்றது. மூலத்துல கிரேக்கர்கள் சொன்னது தொட்டியை, 'தொட்டியைத் தொட்டின்னு சொல்லு'ன்னு. அந்தக் கிரேக்கச் சொல்லை இராஸ்மஸ் தோண்டற கருவின்னு எடுத்துக்கிட்டு லத்தீன்ல மாத்தினார். 1542ல நிக்கோலஸ் யூடால் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தப்ப தொட்டி மண்வெட்டியாவே ஆகிடுச்சு. உள்ளதை உள்ளபடி சொல்லுன்னு சொல்ற தொடரே உள்ளதை உள்ளபடி சொல்லல! இதுல ஒரு எச்சரிக்கையும் இருக்கு. 20ஆம் நூற்றாண்டுல 'ஸ்பேட்'ங்கற வார்த்தையை அமெரிக்காவுல கறுப்பின மக்களை இழிவா சொல்லவும் பயன்படுத்திட்டாங்க. அதனால இந்தத் தொடரைப் பலர் இப்ப தவிர்க்கறாங்க. ஆபீஸ்ல நீங்களும் தவிர்த்துடுங்க.

வில்லியம் டின்டேல் கதை இன்னும் உருக்கமானது. சர்ச்சோட அனுமதி இல்லாம பைபிளை ஆங்கிலத்துல மொழிபெயர்க்கவே கூடாதுன்னு தடை இருந்த காலம். மனுஷன் ஜெர்மனிக்குப் போய் 1526ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு, துணி மூட்டைக்குள்ள ஒளிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பினார். 'சால்ட் ஆஃப் தி எர்த்', 'சைன்ஸ் ஆஃப் தி டைம்ஸ்', 'தி பவர்ஸ் தட் பி' எல்லாம் அவர் மொழிபெயர்ப்பு வழியா வந்ததுதான். 1530ல பழைய ஏற்பாட்டோட முதல் அஞ்சு நூலை வெளியிட்டப்ப 'ஸ்கேப்கோட்'னு ஒரு வார்த்தையை உருவாக்கினார். நம்ம ஊர் பலிகடாவோட ஒண்ணுவிட்ட அண்ணன். ஊரோட பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டு மேல ஏத்தி வனாந்தரத்துக்கு விரட்டற சடங்கு அது. மூலத்துல 'அசாசேல்'னு இருக்கற ஹீப்ருச் சொல்லை 'போயிடற ஆடு'ன்னு பிரிச்சுப் படிச்சதுல வந்தது இந்த வார்த்தை. அது ஆடே இல்ல, ஒரு பேருன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. 1536ல டின்டேலைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னு, உடம்பை எரிச்சாங்க. 1611ல ராஜா பேர்ல வந்த பைபிள்ல அவரோட வரிகள் ஏகப்பட்டது அப்படியே இருக்கு. கொன்னவன் நாக்குலயும் டின்டேல்தான்.

ஆக, பெரிய பெரிய ஆளுங்களே தாழியைப் பெட்டியாவும், தொட்டியை மண்வெட்டியாவும் ஆக்கியிருக்காங்க. யாரும் சிரிக்கல. அகராதியில ஏத்திக்கிட்டாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மனப்பாடப் புத்தகங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1546லயே ஜான் ஹேவுட் ஆங்கிலப் பழமொழிகளை, கல்யாணம் பண்ணிக்கறதைப் பத்தி ரெண்டு பேர் பேசிக்கற உரையாடலாக் கோத்துக் கொடுத்தார். ரோம் ஒரே நாள்ல கட்டினதில்லங்கறது, ரெண்டு தலை ஒரு தலையை விட மேல்ங்கறது எல்லாம் அதுல இருக்கு. ஆனா பக்கா நக்கல் பண்ணினவர் 'கலிவரின் பயணங்கள்' எழுதின ஜொனதன் ஸ்விஃப்ட். 1738ல சைமன் வாக்ஸ்டாஃப்ங்கற புனைபெயர்ல ஒரு 'உரையாடல் கையேடு' போட்டார். பெரிய மனுஷங்க வீட்டு விருந்துல உட்கார்ந்து, அவங்க பேசறதையெல்லாம் பல வருஷம் குறிப்பெடுத்து, நாகரிகமாப் பேச விரும்பறவங்களுக்காகத் தொகுத்திருக்கேன்னு முன்னுரையில பீத்திக்கறார் அந்த வாக்ஸ்டாஃப். இதுல இருக்கற எந்தத் தொடரும் நூறு வருஷத்துக்குக் குறைஞ்சு பழசு இல்லன்னு உத்தரவாதம் வேற! உள்ளே போனா லார்டும் லேடியும் வாயைத் திறந்தா பழைய தேய்ஞ்ச தொடர் தவிர வேற எதுவும் வராது. சொந்தமா ஒரு வரி கிடையாது. மழை பெஞ்சா நாயும் பூனையும் கொட்டும்ங்கற தொடர் இந்தப் புத்தகத்துல இருக்கு. அதாவது, 'இதை இன்னுமா சொல்லிட்டு இருக்கீங்க'ன்னு 1738ல கிண்டலடிச்ச தொடரைத்தான் நாம இன்னிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல காசு கட்டிக் கத்துக்கறோம்.

அந்த நாய் பூனை மழைக்கு ஒரு விளக்கம் உண்டே, உங்களுக்கும் ஃபார்வர்டுல வந்திருக்கும். அந்தக் காலத்துல கூரை வீட்டு மேல நாய் பூனை படுத்திருக்குமாம், மழை பெஞ்சா வழுக்கி விழுமாம். 1999ல '1500களில் வாழ்க்கை'ங்கற மாதிரி தலைப்புல சுத்த ஆரம்பிச்ச ஒரு மின்னஞ்சல் அது. முழுக்கப் பூ சுத்தல். நாய் எந்த ஊர்லயாவது கூரை ஏறிப் படுக்குமா? அதே மின்னஞ்சல்ல 'குளிச்ச தண்ணியோட குழந்தையையும் கொட்டிடாதே'ங்கறதுக்கும் ஒரு கதை. வீடே ஒரே தண்ணியில வரிசையாக் குளிச்சு, கடைசியா குழந்தை குளிக்கும்போது ஆளே தெரியாத அளவுக்குத் தண்ணி அழுக்கா இருக்குமாம். அது ஜெர்மன் பழமொழிங்க. 1512ல தாமஸ் முர்னர் எழுதின நையாண்டி நூல்ல படத்தோட இருக்கு. ஆங்கிலத்துல 1849ல தாமஸ் கார்லைல் எழுதினதுக்கு அப்புறம்தான் பரவுச்சு.

'பைட் தி புல்லட்'டுக்கு நம்ம ஊரையே இழுத்து விட்டிருக்காங்க. 1857 சிப்பாய்க் கலகத்துல கொழுப்பு தடவின தோட்டாவைக் கடிக்க மறுத்தாங்கல்ல, அதுல இருந்து வந்ததாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 18ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயே பிரான்சிஸ் குரோஸோட கொச்சைச் சொல் அகராதி, சாட்டையடி வாங்கற சிப்பாய் கத்தாம இருக்கறதுக்காகத் தோட்டாவை மெல்றதைப் பத்திச் சொல்லுது. 1857க்கு வெகு முன்னாடி. வலியைப் பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கறதுன்னு நாம சொல்றோமே, அதேதான். பல்லுக்கு நடுவுல ஈயம், அதுதான் வித்தியாசம்.

'தி ஹோல் நைன் யார்ட்ஸ்'னா முழுசா, ஒண்ணு விடாம. இதுக்கு இயந்திரத் துப்பாக்கியோட தோட்டா பெல்ட் நீளம்னு ரெண்டாம் உலகப்போர்க் கதை ஒண்ணு உண்டு. மடிசார் ஒன்பது கஜம்தானேன்னு நம்மாளுங்க மீசையை முறுக்கறதும் உண்டு. 1907, 1908லயே அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்து சின்னப் பத்திரிகை ஒண்ணுல இந்தத் தொடர் இருக்கு. 1912ல கென்டகி பத்திரிகையில 'ஆறு கஜம்'னே வந்திருக்கு. ரெண்டாம் உலகப்போர் துப்பாக்கிக்கு அப்பவே ஆள் அவுட். ஒன்பதும் உண்டு, ஆறும் உண்டுன்னா குறிப்பிட்ட நீளத்துல எந்த ரகசியமும் இல்லன்னுதானே அர்த்தம்? மடிசார் மாமிகள் மன்னிக்கணும்.

இப்ப கொஞ்சம் சீரியஸ். வெளியாள் இந்தத் தொடர்களைக் கத்துக்கப் போனா என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.

1855ல பெட்ரோ கரோலினோன்னு ஒரு போர்த்துகீசியர் ஆங்கிலம் கத்துக்கறதுக்குக் கையேடு போட்டார். அவருக்கு ஆங்கிலமே சரியாத் தெரியாது. கையில இருந்த போர்த்துகீசிய–பிரெஞ்சுக் கையேட்டை எடுத்து, பிரெஞ்சு–ஆங்கில அகராதியை வெச்சு வார்த்தைக்கு வார்த்தை மாத்திட்டார். பிரெஞ்சுல வாசல்லயே ரொம்ப நேரம் காத்துக் கிடக்கறதுக்கு ஒரு மரபுத்தொடர் உண்டு. அதை அவர் மாத்தின மாத்துல 'குட்டிக் குரங்கை நொறுக்கறது'ன்னு ஆகிடுச்சு. ஐரோப்பாவே விழுந்து விழுந்து சிரிச்சுது. 1883 அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைனே முன்னுரை எழுதினார்.

சரி, அது சிரிப்புன்னே வைப்போம். 1873ல கல்கத்தாவுல மொஹிந்திரநாத் முகர்ஜிங்கறவர், உயர் நீதிமன்ற நீதிபதியா இருந்து மறைஞ்ச தன் மாமா ஓனூகுல் சந்தர் முகர்ஜியோட வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்துல எழுதினார். மாமா மேல இருந்த மரியாதையில, தான் படிச்ச மரபுத்தொடர், லத்தீன், இத்தாலிச் சொல் எல்லாத்தையும் வாரி இறைச்சிருந்தார். ஒரு சாவு வீட்டு அஞ்சலி அது. இங்கிலாந்துல அதை 'பாபு இங்கிலீஷ்'னு நகைச்சுவையாப் படிச்சாங்க. 1891ல ஆர்னால்ட் ரைட் இந்தியர்களோட ஆங்கிலத்தைப் பொறுக்கி எடுத்துச் சிரிக்கறதுக்குன்னே ஒரு தொகுப்பு போட்டார். அப்புறம் எஃப்.ஆன்ஸ்டி, லண்டனுக்கு சட்டம் படிக்கப் போன 'பாபு ஜாபர்ஜி'ன்னு ஒரு வங்காளிப் பாத்திரத்தை உருவாக்கி பஞ்ச் பத்திரிகையில ஓட்டினார். 1897ல புத்தகமாவும் வந்துச்சு. அந்தப் பாத்திரத்தோட முக்கிய ஜோக்கே, மரபுத்தொடரை இடம் மாத்தி, ஆள் மாத்தி, கலந்து அடிக்கறதுதான்.

இதுக்குப் பக்கத்துல இன்னொரு புத்தகத்தை வைங்க. 1886ல ஹென்றி யூலும் ஏ.சி.பர்னெலும் தொகுத்த ஆங்கிலோ–இந்தியச் சொல் அகராதி. பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். நம்ம மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' ஆனது, கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது, சுருட்டு 'ஷெரூட்' ஆனது எல்லாம் அதுல இருக்கு. அந்த அகராதிக்கு அவங்க வெச்ச பேரு 'ஹாப்சன்-ஜாப்சன்'. நம்ம குதிரை ஹாப்சனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மொகரம் ஊர்வலத்துல 'யா ஹசன்! யா ஹுசைன்!'னு மார்ல அடிச்சுட்டு அழறதைப் பிரிட்டிஷ் சோல்ஜர்கள் காதுல வாங்கின லட்சணம் அது.

யோசிச்சுப் பாருங்க. அடுத்தவன் துக்கத்தைத் தப்பாக் காதுல வாங்கினது ஒரு மதிப்புமிக்க அகராதிக்குத் தலைப்பு. மாமா செத்த துக்கத்துல ஒருத்தர் தொடரைத் தப்பா எழுதினது ஜோக். இராஸ்மஸ் தப்பு பண்ணினா மரபு. முகர்ஜி தப்பு பண்ணினா பாபு. தப்பு ஒண்ணுதான், யார் பண்ணினாங்கங்கறதுதான் வித்தியாசம். நம்ம பசங்க கால்ல வாயைத் திறக்கப் பயப்படறாங்களே, அந்தப் பயத்துக்கு இவ்வளவு வயசு.

இதனால மரபுத்தொடரே கத்துக்க வேணாம்னு சொல்ல வரல. கத்துக்கணும், கண்டிப்பா. ஆனா துரை வீட்டுச் சொத்தை இரவல் வாங்கற மாதிரி கூனிக்குறுகி வேணாம். அது மாலுமியும், வண்டிக்காரரும், நாடகக்காரரும், உயிரை விட்ட மொழிபெயர்ப்பாளரும், தப்பாப் படிச்ச பண்டிதரும் சேர்ந்து வெச்ச மொய். நான் பண்றது ரொம்ப சிம்பிள். புதுசா ஒரு தொடர் காதுல விழுந்தா 'இது எந்த வேலைக்காரன் பேச்சு? கப்பலா, லாயமா, மைதானமா, மேடையா, கோயிலா?'ன்னு தேடுவேன். காட்சி தெரிஞ்சா அர்த்தம் தானா ஒட்டிக்கும். ரெண்டாவது, வேற வேற ஆளுங்க மூணு தடவை சொல்லிக் கேக்காம எந்தத் தொடரையும் என் வாயால சொல்ல மாட்டேன். மூணாவது, புரியலேன்னா அங்கேயே 'அப்படின்னா என்ன?'ன்னு கேட்டுடுவேன். கேட்டா யாரும் கடிக்க மாட்டாங்க. பல பேர் சந்தோஷமா பேஸ்பால் கதையே சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. அதுல பத்து நிமிஷம் போயிடும், நம்ம ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கேக்க மறந்துடுவாங்க, அது போனஸ் :)

கடைசியா ஒண்ணு. கப்பலும் லாயமும் போய் ரொம்ப நாளாச்சு. இப்ப புதுத் தொடர் எங்கே பிறக்குது தெரியுமா? நம்ம பட்டறையிலதான். இயந்திரக் கோளாறை 'பக்', பூச்சின்னு எடிசன் 1878லயே ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். 1947 செப்டம்பர் 9ல ஹார்வர்ட் மார்க் 2 கம்ப்யூட்டருக்குள்ள நிஜமாவே ஒரு விட்டில் பூச்சி சிக்கினப்ப, அதை நோட்டுல ஒட்டி, பக் நேர்லயே மாட்டிக்கிச்சுங்கற மாதிரி எழுதி வெச்சாங்க. வார்த்தை முன்னாடியே இருந்ததாலதான் அந்த ஜோக்கே. நீர்மூழ்கியைத் தேடற சோனார் கருவியோட 'பிங்' சத்தத்தை 1983ல மைக் மூஸ் தன்னோட சின்ன நெட்வொர்க் நிரலுக்குப் பேரா வெச்சார். இன்னிக்கு 'சாயங்காலம் ஒரு பிங் பண்ணு'ன்னு சொல்லாத ஆள் உண்டா? 'எனக்கு பேண்ட்வித் இல்ல', 'அதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்' எல்லாம் அமெரிக்கக்காரன் சொன்னாலும் நமக்குத்தான் முதல்ல புரியுது. ஏன்னா அது நம்ம கயிறு. ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டுல தடவி எந்தக் கயிறை இழுக்கணும்னு நமக்குத் தெரியும்.

இருநூறு வருஷம் கழிச்சு நம்ம வேலையை எந்தக் கண்டத்துலயோ ஒரு பையன் மனப்பாடம் பண்ணிட்டு இருக்கலாம். 'பேண்ட்வித்'னா ஏதோ பேண்டு வாத்தியத்தோட அகலம்னு எவனாவது கதையும் கட்டுவான். கட்டட்டும். அந்தப் பையன் தப்பாச் சொன்னா யாரும் சிரிக்காம இருந்தா சரி.

டிஸ்கி: உங்க ஊர்ல, உங்க அப்பா தாத்தா தொழில்ல புழங்கின தொடர் ஏதாவது இருந்தா சொல்லிட்டுப் போங்க. தறி, வயல், படகு, அச்சாபீஸ், எதுவா இருந்தாலும் சரி. பட்டியல் போடறதுக்கு இல்ல, பின்னாடி இருக்கற காட்சியைத் தெரிஞ்சுக்கத்தான்.